பலாலியிலிருந்து வீட்டுக்கு ஒரு சுற்று வழி

2025 பெப்ரவரி 19, புதன்கிழமை. அதிகாலை 4.50க்கு எழுந்தேன். கிணற்றில் நாலு வாளி அள்ளிக் குளித்துவிட்டு 5.20க்குக் கரைக்குப் போனேன். குருநகரில் கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றில் நான் எழுதுவினைஞர். இரவு தொழிலுக்குப் போன வள்ளங்கள் திரும்பி வருவதைக் கரையில் நின்று பதிவதோடுதான் என் நாள் தொடங்கும். அன்று போனவை பதினேழு. 6.45க்குள் பதினேழும் வந்துவிட்டன. காற்று வடகிழக்கு, மெல்லியது. 7.15க்கு வீட்டில் பாணும் இடித்த சம்பலும். 8.30க்குச் சங்கம். மதியத்தோடு அரைநாள் விடுமுறை கேட்டுக் கடிதம் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘அக்கா வருகிறார்’ என்று எழுதியிருந்தேன். செயலாளர் வாசித்துப் பார்த்தார்.

“உது காரணமில்லை, செய்தி,” என்றார். “பரவாயில்லை, போயிட்டு வாங்கோ.”

அக்கா பாரிசிலிருந்து வந்தார். நேராக அல்ல. முதலில் சென்னை, அங்கிருந்து வேளாங்கண்ணி, மாதாவுக்கு நேர்த்தி முடித்துவிட்டு மறுபடி சென்னை, பிறகு பிற்பகல் விமானத்தில் பலாலி. எங்கள் ஆட்களில் பலர் இப்போது இப்படித்தான் வருகிறார்கள். கொழும்பில் இறங்கி எட்டு மணி நேரம் வான் வண்டியில் குலுங்க வேண்டியதில்லை. சென்னையில் ஏறி இருக்கைப் பட்டியைக் கட்டி, ஒரு செபமாலை சொல்லி முடித்துக் கொஞ்ச நேரத்தில் பலாலி வந்துவிடும் என்பார்கள்.

நான் ஏன் அன்று நேர்வழியால் அவரை வீட்டுக்குக் கூட்டி வரவில்லை என்பதை ஒழுங்காக எழுதவேண்டுமானால், முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நான் இருக்கிற வீடு என்னுடையதல்ல. அது அக்காவின் சீதன வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் கட்டி மனைவியின் வீட்டுக்குப் போவான். என் மனைவியின் வீடு சண்டையில் இடிந்துபோய், அந்தக் காணியில் இப்போது அவளுடைய தங்கை வீடு கட்டிக்கொண்டு இருக்கிறாள். அக்காவும் அத்தானும் 1991இல் பிரான்சுக்குப் போனார்கள். போகும்போது அக்கா, “நீ பாத்துக்கொள்,” என்று சொன்னார். பார்த்துக்கொண்டேன். முப்பத்து நான்கு வருடம். ஐயாவும் அம்மாவும் அந்த வீட்டில்தான் இருந்து, அந்த வீட்டிலிருந்துதான் சேமக்காலைக் கல்லறைக்குப் போனார்கள். இப்போது கொழும்பில் இருக்கிற என் மகள் பிறந்ததும் அங்கே. ஆனாலும் முன் அறையை நாங்கள் எடுத்ததில்லை. அது அக்காவின் அறை. நாங்கள் மூன்று பேரும் பின் அறையிலும் விறாந்தையிலும் படுத்தோம். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கு முன்னும் வெள்ளையடித்துப் படம் எடுத்து அனுப்பினேன். சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் தொலைபேசியில் கேட்டுவிட்டுத்தான் அடிப்பேன்.

அக்கா ஒரு தடவைதான் வந்து போனார், 2003இல், சமாதான நேரத்தில், பன்னிரண்டு நாள். அதன்பிறகு ஞாயிறு தோறும் தொலைபேசி. எங்கள் நேரம் பின்னேரம் ஐந்தரை, அவருடைய நேரம் மதியம் ஒன்று. 2023 நவம்பரில் அத்தான் இறந்தார். அந்த வருடம் டிசம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை, அக்கா சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: “இனி எனக்கு இஞ்சை என்ன கிடக்கு. வந்து உங்களோடை இருக்கப்போறன்.” நாட்குறிப்பில் நான் எதற்கும் கீழ்க்கோடு போடுவதில்லை. அந்த வரிக்குப் போட்டேன்.

பிறகு அவர் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முன் அறைக் கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கினேன். கழிப்பறையில் இருக்கை வைத்துக் கட்டினேன், முழங்கால் நோ என்று சொல்லியிருந்தபடியால். அதற்கு அனுமதி கேட்டபோது மட்டும், “உதெல்லாம் ஆருக்கடா?” என்றார். நான் சீமெந்து விலையைச் சொன்னேன்.

இந்த வருடம் பெப்ரவரி 2, ஞாயிறு, அக்கா சொன்னார்: “இந்த மாசம் வாறன். அஞ்சு நாள். வீட்டு விசயம் ஒண்டு கதைக்கவேணும், போனிலை வேண்டாம். வெள்ளிக்கிழமைக்கு நொத்தாரிசிட்டை நானே நேரம் எடுத்திட்டன்.”

ஐந்து நாள். வீட்டு உறுதி எழுதுகிற நொத்தாரிசு. என் மனைவிக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

“விக்கப்போறா,” என்றாள். “எங்கடை ஒழுங்கையிலை மூண்டு வீடு வித்தாச்சு. எல்லாரும் முதல் கோயிலுக்குப் போய், பேந்து நொத்தாரிசிட்டைப் போய், பேந்து ஐஸ்கிறீம் குடிச்சிட்டுப் பிளேன் ஏறினவைதான். நாங்கள் வாடகைக்கு ஒண்டு பாக்கத் துவங்குவம்.”

“அவசரப்படாதை.”

“நான் அவசரப்படேல்லை. வாழ்க்கையிலை இப்பதான் முதல்முதலா நேரத்தோடை யோசிக்கிறன்.”

கூரை போய்விடுமே என்ற பயம் எனக்கும் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் அதைவிடப் பெரிய பயம் வேறு. வீடு இருக்கும்வரை அக்கா ஒருநாள் வந்து இருப்பார் என்று நினைக்க ஒரு இடம் இருந்தது. விற்றுவிட்டால், அவர் இனி யாழ்ப்பாணத்துக்கு வருவது விருந்தாளியாக, விடுதியில் அறை எடுத்து. அதனால் ஒரு யோசனை செய்தேன். பலாலியிலிருந்து வீட்டுக்கு நேரே கொண்டுவராமல், வடகரையைச் சுற்றிக் காட்டி, பொழுதுபட வீட்டுக்குக் கொண்டு வருவது. 2003இல் அவர் வந்தபோது அந்த இடங்கள் எல்லாம் இராணுவத்தின் பாதுகாப்பு வலயம், போகமுடியாது. பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் கீரிமலைக்குப் போனதுதான் அவருக்குக் கடைசி. ஊரைக் கண்டால் மனம் மாறும் என்று நினைத்தேன். ஒரு கடதாசித் துண்டில் எழுதினேன்: காங்கேசன்துறைக் கடற்கரை 25 நிமிடம், வெளிச்சவீட்டைப் பார்க்க 5, கீரிமலை 40, மாவிட்டபுரம் கோபுரம் வெளியில் நின்று 5. நேரம் இருந்தால் நிலாவரைக் கிணறு, ஆழம் காணமுடியாத கிணறு என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் எட்டிப் பார்க்கிற இடம்.

1.40க்கு ஓட்டோவை எடுத்தேன். பழையது, சொந்தம். காங்கேசன்துறை வீதியால் கொக்குவில் தாண்டி, தெல்லிப்பழைவரை போய் வலப்பக்கம் திரும்பினேன். அந்தப் பக்கம் மாசி மாதத்தில் பார்க்கவேண்டிய இடம். செம்மண்ணில் வெங்காயம் பச்சையாக நிற்கும். இறைப்பு இயந்திரங்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரையும். துப்புரவாக்கிய வளவுகளில் புது வீடுகள், பக்கத்திலேயே கூரையில்லாத பழைய சுவர்கள், சுவருக்குள் வளர்ந்த மரங்கள். 2.35க்கு வெளி வாசலில் போய் நின்றேன்.

வரவேற்க வந்தவர்கள் முப்பது பேர்வரை இருந்தார்கள். ஒரு குடும்பம் இரண்டு வானில் வந்திருந்தது. எனக்குப் பக்கத்தில் வேட்டி கட்டிய ஒருவர் மாலையோடு நின்றார்.

“ஆர் வருகினம்?” என்று கேட்டார்.

“அக்கா. பிரான்ஸ்.”

“நிண்டு போக வாறாவோ, இருக்க வாறாவோ?”

“தெரியேல்லை.”

“எங்கடை மருமேன் கனடாவிலை இருந்து வாறான். பதினாலு நாள். அதிலை ஒன்பது நாள் வேறை ஆக்களின்ரை வீட்டிலை சாப்பாடு. ஒரு வீட்டை விட்டால் அவையள் செத்தவீட்டுக்கும் வரமாட்டினம்.” என் ஓட்டோவைத் திரும்பிப் பார்த்தார். “பிரான்ஸ் பெட்டியளுக்கு உது காணுமோ?”

“காணும்.”

“அக்கா எங்கை இருக்கிறது? பெட்டிக்கு மேலையோ?”

3.12க்கு விமானம் வந்தது. சின்னது, செட்டையில் காற்றாடிகள் சுற்றுகிறவகை. பனைகளுக்கு மேலால் தாழ்ந்து வந்தபோது எல்லாரும் கதையை நிறுத்தினோம். அது கண்ணுக்கு மறைந்து சத்தம் அடங்கியபின் பார்த்தேன், நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். பழைய பழக்கம். கரையில், பிந்திய வள்ளம் ஒன்று தெரிந்தால் அப்படிச் செய்வோம்.

3.55க்கு அக்கா வந்தார். இரண்டு பெட்டி, ஒரு தோள்பை, வேளாங்கண்ணிப் படம் போட்ட பை ஒன்று. தலைமயிர் முழுக்க வெள்ளை. தொலைபேசிப் படத்தில் அது அவ்வளவு தெரிவதில்லை. என்னைக் கண்டதும் நின்றார்.

“டேய், ஐயா மாதிரி ஆயிட்டாய்.”

“நீங்கள் அம்மா மாதிரி.”

“அம்மாவுக்கு இவ்வளவு வண்டி இல்லை.” தன் வயிற்றைத் தட்டிச் சிரித்தபடி என் கன்னத்தைக் கிள்ளினார். ஐம்பத்து மூன்று வயதில் முப்பது பேருக்கு முன்னால் கிள்ளு வாங்கினேன். மாலைக்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

பெட்டிகளைக் கயிற்றால் கட்டினேன். அக்கா ஓட்டோவில் ஏறி, முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தார்.

“எத்தினை மணிக்கு வீட்டை?”

“ஒரு சுத்துச் சுத்திப் போட்டுப் போவம். ஆறேமுக்கால் ஆகும்.”

“என்ன சுத்து?”

துண்டை எடுத்து நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

“வெளிச்சவீடு அஞ்சு நிமிசம். கோபுரம் அஞ்சு நிமிசம். எடேய், நான் டூரிஸ்டே?”

“முந்தி வரேக்கை பாக்கேலாமல் போனதெல்லே.”

“உதிலை மயிலிட்டி இல்லை.”

“மயிலிட்டியிலை பாக்க என்ன இருக்கு? எங்கடை குருநகர் மாதிரித்தான்.”

“அதுக்குத்தான் கேக்கிறன்.”

துண்டில் இல்லாத இடத்துக்கு முதலில் போனோம். நெடுங்காலம் மூடிக்கிடந்து திரும்பத் திறந்த துறை அது. பெரிய ரோலர்ப் படகுகள் வரிசையாக நின்றன. பிந்தி வந்த சின்ன வள்ளம் ஒன்றிலிருந்து மீனை இறக்கி ஒரு பெண் தகரத்தட்டில் பரப்பிக்கொண்டிருந்தாள். அக்கா ஓட்டோவிலிருந்து இறங்கி, நொந்த காலோடு, நான் ஒருநாளும் காணாத வேகத்தில் அவளிடம் போனார்.

“ஒட்டி என்ன விலை, பிள்ளை?”

அவள் அக்காவின் சப்பாத்தையும் கறுப்புக் கண்ணாடியையும் பார்த்தாள். பார்த்தபின் சொன்ன விலை எனக்கே புதுசு.

“இஞ்சை பார்,” என்று அக்கா ஒரு மீனின் செவுளைக் கிளப்பினார். “இது விடியப் பிடிச்சது. இது இப்ப பிடிச்சது. ரெண்டையும் கலந்து போட்டிருக்கிறாய். நான் குருநகர்.”

அவள் தலையை நிமிர்த்தினாள். “குருநகரோ? அங்கை மீன் இல்லையெண்டோ இஞ்சை வந்தனியள்?”

“அங்கை இருக்கிறவைக்கு என்னைத் தெரியும். விலை குறைக்க வெக்கம்.”

அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். விலை பாதியாகி, அதற்குமேல் இரண்டு மீன் கூடவும் விழுந்தது. “அக்கா இஞ்சையே வந்து இருங்கோவன். எங்களுக்கும் கதைக்க ஆள் வேணும்,” என்றாள்.

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். “பாப்பம்,” என்றார். எங்கள் ஊரில் ‘பாப்பம்’ என்றால் பெரும்பாலும் இல்லை. ஆனால் எப்போதும் அல்ல. அந்த ‘எப்போதும் அல்ல’ என்பதை வைத்துக்கொண்டு காங்கேசன்துறைவரை ஓட்டினேன்.

கடற்கரையில் பதினைந்து நிமிடம்தான் நின்றோம். கொழும்புப் பக்கத்திலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகள் பஸ் ஒன்று நின்றது. கச்சான் வண்டி, சோளம், பட்டம் விற்கிற ஒருவர். அக்கா சப்பாத்தைக் கழற்றிவிட்டு அலையில் கணுக்கால்வரை நின்றார். வெளிச்சவீட்டைக் காட்டினேன். நல்லாயிருக்கு என்றார். நீரின் நிறத்தைக் காட்டினேன். அதையும் நல்லாயிருக்கு என்றார். நான் அவரிடம் எதையோ விற்கிறவன்போல் என் குரல் எனக்கே கேட்டது. நாங்கள் பேசவேண்டியது வீட்டைப் பற்றி. இரண்டு பேரும் கடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

5.20க்குக் கீரிமலை. வேட்டியும் தர்ப்பையுமாய்ச் சில குடும்பங்கள் சடங்கு முடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆண்கள் குளிக்கும் கேணி கடலோடு ஒட்டியது. ஒரு மதில்தான் இடையில். மதிலுக்கு இந்தப் பக்கம் நல்ல தண்ணீர், அந்தப் பக்கம் உப்பு. பெண்கள் கேணி கொஞ்சம் தள்ளி, மறைப்போடு. அக்கா அங்கே போய்க் கால் நனைத்துவிட்டு வந்தார். “குளிரேல்லை. அப்ப இருந்த மாதிரியேதான்,” என்றார். பிறகு கடல்பக்கத்துக் கற்கட்டின்மேல் உட்கார்ந்தோம். வெயில் சரிந்திருந்தது. பையிலிருந்து மீன் மணத்தது.

எனக்கு இதற்குமேல் பொறுக்க முடியவில்லை. துண்டில் இன்னும் இரண்டு இடம் மிச்சம் இருந்தது.

“அக்கா, வீட்டை ஆருக்குக் குடுக்கிறியள்?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை என்பது தெரிந்தது. பிறகு விளங்கியது.

“விக்கப்போறன் எண்டோ நினைச்சனி?”

“ஓம்.”

“அதுக்கோ என்னைக் கடல்கரை கடல்கரையா இழுத்துத் திரியிறாய்?”

“ஓம்.”

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “விசரா,” என்றார். “வெள்ளிக்கிழமை உன்ரை பெட்டைக்கு எழுதப்போறன். அதுக்குத்தானே வந்தனான். எனக்கு ரெண்டும் பெடியள். பெடியளுக்கு ஏன் வீடு? அதுவும் அவங்களுக்குக் குருநகர் எங்கை கிடக்கெண்டே தெரியாது. வீடு பெட்டைக்குப் போகவேணும். எங்கடை வீட்டிலை இருக்கிற ஒரே பெட்டை உன்ரை மகள். கொழும்பிலை இருந்து வெள்ளி விடிய வந்து இறங்கு எண்டு அவளுக்கும் சொல்லியாச்சு. உன்னட்டைச் சொல்லவேண்டாம் எண்டும் சொன்னனான்.”

நன்றி சொல்லவேண்டிய இடம் அது. மனைவி அங்கே இருந்திருந்தால் அக்காவின் காலில் விழுந்திருப்பாள். என் வாயில் வந்தது வேறொன்று.

“அப்ப நீங்கள் வந்து இருக்கிறேல்லையோ?”

சிரிப்பு நின்றது.

“நான் எப்ப சொன்னனான், வாறன் எண்டு?”

“2023 டிசம்பர் 24. ஞாயிற்றுக்கிழமை. அஞ்சு நாப்பதுக்கு.”

“ஐயோ கடவுளே. அதையும் எழுதி வைச்சிருக்கிறியோ?” மதிலில் அலை அடித்து எங்கள்மேல் தூவியது. பிறகு என்னைப் பாராமல் சொன்னார். “அத்தான் செத்து ஒரு மாசத்திலை ஆருக்குத்தான் வீட்டை ஓடிவர மனம் வராது? அப்ப உண்மையாத்தான் சொன்னனான். பேந்து, பேத்தி பிறந்தாள். மருமேள் வேலைக்குப் போறாள், பிள்ளையை ஆர் பாக்கிறது? அதையும் விடு. அந்தாளை அங்கை தாட்டுப்போட்டு நான் இஞ்சை வந்து இருந்தால் கார்த்திகை மாசம் அந்தக் குழிக்கு மெழுகுதிரி கொளுத்திறது ஆர்? பெடியளோ?”

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் ஒவ்வொரு நவம்பரிலும் குருநகரில் மெழுகுதிரி கொளுத்துகிறவன் நான். அதற்காகவே வெளிநாடு போக வந்த ஒரு சந்தர்ப்பத்தை விட்டவன். அவர் சொன்னது எனக்கு மற்ற எல்லாரையும்விட நன்றாக விளங்கியது. அதுதான் அந்த நேரத்தில் தாங்கமுடியாமல் இருந்தது.

“வெளிக்கிடுவம்,” என்றேன்.

“கோபுரம் அஞ்சு நிமிசம்?”

“அது வேண்டாம்.”

மாவிட்டபுரத்தில் நிற்காமல் வந்தோம். இருள முதல் காங்கேசன்துறை வீதியில் வெளிச்சங்கள் விழுந்துவிட்டன. அக்கா கடைகளை வாசித்துக்கொண்டு வந்தார், சின்னப்பிள்ளைகள் வாசிப்பதுபோல உரத்து. கொக்குவிலில் புகையிரதக் கடவை மூடியிருந்தது. ரெயில் போகும்வரை நின்றோம். அப்போது பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தார். எடுக்கவில்லை. கடவை திறந்தபின்னும், யாழ்ப்பாணப் பட்டினம் தாண்டியும், வீடுவரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

6.50க்கு வீடு. மனைவி நல்ல சேலை உடுத்து வாசலில் நின்றாள். கண்ணாடிக் கிளாசில் நெல்லிரசம், தட்டத்தில், மேலே துணி மூடி. அது விருந்தாளிக்குக் கொடுப்பது. வீட்டு ஆட்களுக்குத் தேத்தண்ணிதான். அக்கா தட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிளாசை எடுத்துக் குடித்து முடித்தார். “இனித் தேத்தண்ணி தா மச்சாள்,” என்றார். பிறகு மீன் பையைத் தூக்கிக்கொண்டு நேரே குசினிக்குப் போனார். மனைவி ஓடிப்போய்த் தடுத்தாள். இரண்டு பேரும் ஒரு அரிவாளுக்காக இழுபறிப்பட்டார்கள்.

“விடு மச்சாள், மீன் வெட்டி எத்தினை வருசம்.”

“வந்த நாளிலையோ? ஊர் என்னை என்ன சொல்லும்?”

“ஊரைக் கூப்பிடு, அதுக்கும் ரெண்டு துண்டு வைக்கிறன்.”

மீன் வெட்டியபடி அக்கா உறுதியின் விசயத்தை அவளிடம் சொன்னார். மனைவி குசினிச் சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். இரண்டு வாரமாக வாடகை வீடு தேடியதையும் சொல்லிச் சொல்லி அழுதாள். அக்கா மீன்கையோடு அவளைக் கட்டிப்பிடித்தார். நல்ல சேலை போய்விட்டது. நான் விறாந்தையில் இருந்து இதெல்லாவற்றையும் கேட்டேன். அந்த வீட்டில் அவ்வளவு சந்தோசம் நான் கேட்டு நெடுநாள்.

சாப்பிடும்போது அக்கா கேட்டார்: “ஏன்ரா மூஞ்சையைத் தொங்கப் போட்டிருக்கிறாய்? வீடு வந்தவன் மாதிரி இல்லை, வீடு போனவன் மாதிரி இருக்கிறாய்.”

“மச்சாள், அவருக்கு ஒட்டி முள்ளுக் குத்திட்டுது,” என்றாள் மனைவி. எனக்கு முள் குத்தவில்லை. ஆனால் ஓம் என்று சொன்னேன்.

8.15க்கு அக்கா முன் அறையில் படுத்துவிட்டார். பயணக் களை. நான் அலுமாரி இலாச்சியைத் திறந்து சீதன உறுதிப் பத்திரத்தை எடுத்தேன். வெள்ளிக்கிழமை நொத்தாரிசுக்குக் கொடுக்கவேண்டும், கடதாசி ஒற்றைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க. 1995 இடப்பெயர்வில் பொலித்தீன் பையில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டு போன அதே உறுதி. எல்லைகள், பரப்பு, கிணற்றில் பங்கு, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்த வரியை நான் இதுவரை நின்று வாசித்ததில்லை. ஐயாவும் அம்மாவும் வீட்டை மகளுக்குக் கொடுக்கும்போது தங்கள் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு கொடுத்திருந்தார்கள். அதாவது, வீடு மகளுடையது; ஆனால் தாங்கள் உயிரோடு இருக்கும்வரை அதில் இருக்கிற உரிமை தங்களுடையது. பெற்றோர் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது வழமையாகப் போடுகிற வரி. சட்டம் தெரிந்தவர் எழுதிய வரண்ட வசனம். அதை நாலு தடவை வாசித்தேன்.

அக்கா வந்து இருக்கப்போவதில்லை. அது எனக்கு இப்போது தெரியும். கீரிமலையில் தெரிந்த விசயம், கீழ்க்கோடு போடத் தேவையில்லாதது. ஆனால் வீடு என் மகளின் பெயருக்குப் போய்விட்டால், அக்கா அடுத்த முறை வரும்போது உண்மையிலேயே விருந்தாளி; கிளாசும் தட்டமும் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆணிக்கு யாரிடம் கேட்பது? வெறும் மெத்தை போட்ட ஒரு அறையை யாருக்காக வைத்திருப்பது? அவர் வராமல் இருக்கலாம். வராதவருக்கும் வர உரிமை இருக்கவேண்டும். அது என் மனதில் இருந்தால் போதாது, மனம் மாறும். எழுத்தில் இருக்கவேண்டும்.

9.05க்கு அன்றைய குறிப்பை எழுதி முடித்துப் படுத்தேன்.

பெப்ரவரி 20, வியாழன். 4.50க்கு எழுந்தேன். கரைக்குப் போக முதல், கிணற்றடிக்கும் போக முதல், விறாந்தையில் நின்று நொத்தாரிசின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த நேரத்தில் அவர் செபம் செய்துகொண்டிருப்பார் என்று தெரியும், எழுந்திருப்பார் என்றும் தெரியும்.

“வெள்ளிக்கிழமை உறுதியிலை ஒரு வரி சேர்க்கவேணும், ஐயா. குடுக்கிறவவுக்குச் சீவிய உரித்து.”

“அது தாய் தகப்பன் போடுறது, தம்பி. மாமிக்கு ஏன்? அதுவும் பிரான்சிலை இருக்கிறவவுக்கு?”

“போடுங்கோ.”

“அவ கேட்டவவோ?”

“இல்லை. நான் கேக்கிறன். அவவிட்டையும் மகளிட்டையும் நான் சொல்லுறன்.”

“சரி,” என்றார். பிறகு கடதாசி புரட்டும் சத்தம் கேட்டது. அக்காவின் கடவுச்சீட்டு இலக்கம் கையில் இருந்தால் இப்பவே தா, இரண்டு இடத்தில் அதைப் போடவேண்டும் என்றார். நான் முன் அறைக் கதவைத் தட்டினேன். அக்கா நித்திரைக் குரலில், “என்னடா விடியக்காத்தாலை?” என்றார். சீவிய உரித்து வரியைச் சொல்லி, கடவுச்சீட்டைக் கேட்டேன். உள்ளே பெட்டி திறபடும் சத்தம் கேட்டது. பிறகு கதவு ஒரு சாண் திறந்து, கடவுச்சீட்டோடு ஒரு கை வந்தது. வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்து, இலக்கத்தை ஒவ்வொரு எழுத்தாக இரண்டு தடவை வாசித்துச் சொன்னேன்.